பைப்லைன் ஜாயிண்டுக்கு எஸ்.ஆர். போடுவது எப்படி: சுவிட்ச் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மும்பைப் பக்கம் மாஹுல், டிராம்பே ரிஃபைனரி வேலைக்கும், உரண் பக்க லைன் வேலைக்கும், தலோஜா, ரபாலே ஷெட்டுகளுக்கும் நம் பக்கத்திலிருந்து வருகிற பையன்களில் பாதிப்பேர் வெல்டிங்கில் கெட்டிக்காரர்கள். திருச்சிப் பக்கம் துவாக்குடியில் பாய்லர் டியூப் ஓட்டிப் பழகிய கை, ரூட் பாஸைப் (வெல்டின் அடியில் ஓட்டுகிற முதல் அடுக்கு) பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெல்டிங் முடிந்த பிறகு அந்த ஜாயிண்டைச் சூடேற்றி ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சுருக்கமாக எஸ்.ஆர்., உள்ளே தங்கிய அழுத்தத்தைத் தளர்த்துவது) செய்கிற வேலை வந்தால், ‘அது ஹீட்டிங்காரர் வேலை, பேட் கட்டுவார், சார்ட் கொடுப்பார்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பேட் என்பது பைப்பைச் சுற்றிக் கட்டுகிற மின்சூட்டுப் பட்டை, சார்ட் என்பது ரிக்கார்டர் எழுதுகிற வெப்ப வரைபடம். அந்தச் சார்ட் உண்மையில் எதைக் காட்டுகிறது என்று கேட்கிற ஆள் குறைவு. தெர்மோகப்பிளின், அதாவது வெப்பம் அளக்கிற இரட்டைக் கம்பியின், நுனி எவ்வளவு சூடானதோ அதைத்தான் அது காட்டும். வெல்டு அந்த வெப்பத்துக்குப் போனதா என்பது நீங்கள் அந்த நுனியை எங்கே, எப்படி ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த வேலையின் முக்கால்வாசி சுவிட்ச் போடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஏன் செய்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருகிய வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள பைப் விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும், பல இடங்களில் ஸ்டீலின் யீல்டு (ஸ்டீல் நிரந்தரமாக நெளியத் தொடங்குகிற எல்லை) அளவுக்கே தங்கும். வெல்டை ஒட்டிய பகுதி, ஹெச்.ஏ.இசட். என்கிறோமே அது, சட்டென்று ஆறியதால் கடினமாகி, முறியும் குணத்துக்குப் போயிருக்கும். இந்த இரண்டோடு ஹைட்ரஜனும் சேர்ந்தால் விரிசலுக்கு வேறெதுவும் தேவையில்லை. 600 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேற்றி நிறுத்தினால் உள் அழுத்தம் தளரும், கடினமான பகுதி பதப்படும், ஹைட்ரஜனும் வெளியேறும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1984 ஜூலை 23-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ரோமியோவில் என்ற ஊரின் ரிஃபைனரியில் நடந்த விபத்தைப் படித்துப் பாருங்கள். கேஸிலிருந்து ஹெச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) மாதிரி அமில வாயுவை அமீன் திரவத்தால் பிரிக்கிற அமீன் அப்சார்பர் வெசல் (கலன்) ஒன்றில் 1974-இல் ஷெல்லின் ஒரு வளையத்தை அங்கேயே வைத்து மாற்றி வெல்டு செய்தார்கள், ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யவில்லை. ஹெச்.ஏ.இசட்.டில் கடினமான பகுதி அப்படியே இருந்தது, ஹைட்ரஜன் விரிசல் அதில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. பத்து வருடம் கழித்து வெசல் பிளந்து, கேஸ் கசிந்து வெடித்ததில் 17 பேர் இறந்தார்கள், அதில் ரிஃபைனரியின் தீயணைப்பு ஆட்கள் பலர். இன்றைக்கு அமீன் லைனில் கார்பன் ஸ்டீல் என்றாலே, தடிமன் குறைவாக இருந்தாலும் எஸ்.ஆர். கேட்கிறார்கள் என்றால் அதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

சரி, முதல் கேள்வி: இந்த ஜாயிண்டுக்கு எஸ்.ஆர். வேண்டுமா?

எல்லா ஜாயிண்டுக்கும் வேண்டாம், சிலவற்றுக்குப் போடவே கூடாது. கேஸ் லைனுக்கான அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. பி31.8 கோடு (விதிநூல்), கார்பன் ஸ்டீலில் தடிமன் 32 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்ட்ரெஸ் ரிலீவ் கேட்கிறது. கார்பன் 0.32 சதவீதத்துக்கு மேல் போனாலும், கார்பனோடு மாங்கனீஸில் கால் பங்கைக் கூட்டி அது 0.65-ஐத் தாண்டினாலும் கேட்கிறது. ரிஃபைனரிக்குள் போனால் பி31.3, அங்கே கணக்கு வேறு, அதுவும் எடிஷனுக்கு எடிஷன் மாறியிருக்கிறது, அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் எந்த ஆண்டுப் பதிப்பு எழுதியிருக்கிறதோ அதை மட்டும் பாருங்கள். ஊர் கடந்து போகிற எண்ணெய் லைன் என்றால் நம் நாட்டு எண்ணெய்த் துறைப் பாதுகாப்பு விதியான ஓ.ஐ.எஸ்.டி. 141-உம் சேரும். இவை தவிர அமீன், காஸ்டிக், ஹெச்2எஸ் கலந்த சர்வீஸ் என்றால் தடிமனைப் பார்க்காமலே கம்பெனி ஸ்பெக் கேட்கும்.

போடக்கூடாத இடம் எது? இப்போது வருகிற எக்ஸ்65, எக்ஸ்70 கிரேடு மெயின்லைன் பைப் பெரும்பாலும் டி.எம்.சி.பி. முறையில் உருட்டிய தகட்டிலிருந்து வருவது. ரோலிங்கின்போது வெப்பத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி, வேகமாகக் குளிரவைத்து அந்தப் பலத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கார்பன் குறைவு என்பதால் நன்றாக வெல்டு ஆகும், எஸ்.ஆர். பெரும்பாலும் தேவையே படாது. அதைப் போய் 620 டிகிரியில் நிறுத்தினால் யீல்டு இறங்கிவிட வாய்ப்பு உண்டு, மெல்லிய சுவர் லைனில் அந்தக் குறைவை ஈடுகட்ட எதுவும் இல்லை. குவெஞ்ச் அண்டு டெம்பர் (சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துவது) செய்த ஃபிட்டிங் என்றால் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் டெம்பரிங் வெப்பம் போட்டிருக்கும், நீங்கள் நிறுத்துகிற வெப்பம் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். நடைமுறையில் எஸ்.ஆர். வருவது தடித்த டீ, வெல்டோலெட் பிராஞ்சு, ஸ்கிரேப்பர் டிராப், வால்வின் பப் பீஸ் மாதிரி இடங்களில்தான். அப்புறம் ஒன்று, எஸ்.ஆர். செய்வதாக இருந்தால் அந்த வெல்டிங் ப்ரொசீஜரின் டெஸ்ட் கூப்பனும் (முன்கூட்டியே வெல்டு செய்து சோதிக்கிற மாதிரித் துண்டு) எஸ்.ஆர். போட்டுச் சோதித்ததாக இருக்க வேண்டும். சைட்டில் யாரோ பாதுகாப்புக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னால், அந்த ப்ரொசீஜர் அதற்குத் தகுதி பெற்றதா என்று முதலில் கேளுங்கள்.

வெல்டிங் முடிந்ததும் எஸ்.ஆர். ஆள் உடனே வருவது அரிது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம், எலக்ட்ரோடு சூட்டு ஓவனிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் ஈரம் இழுக்கும். தடித்த ஜாயிண்டைப் ப்ரீஹீட்டில் (முன்கூட்டியே சூடேற்றி) வெல்டு செய்துவிட்டு அப்படியே மழைக்காற்றில் ஆறவிட்டால் ஹைட்ரஜன் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், விரிசல் இரண்டு நாள் கழித்துக்கூட வரும். அதனால் எஸ்.ஆர். உடனே இல்லையென்றால் 300 டிகிரியை ஒட்டி ஓரிரண்டு மணி நேரம் வைத்து, பிளாங்கெட் (சூடு வெளியேறாமல் காக்கிற செராமிக் நார்ப் போர்வை) சுற்றி மெதுவாக ஆறவிடுங்கள். இதை எஸ்.ஆர். கணக்கில் யாராவது சேர்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், 300 டிகிரியில் ஹைட்ரஜன் போகுமே தவிர உள் அழுத்தம் தளராது.

இனி ஜாயிண்டுக்கு வருவோம். உதாரணத்துக்கு 20 இன்ச் பைப், வெளிவிட்டம் 508 மி.மீ., சுவர் 25.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு அகலத்துக்குச் சூடேற்ற வேண்டும்? வெல்டும் அதன் இரு பக்கமும் கொஞ்சமும் மட்டும் முழு வெப்பத்துக்கு வந்தால் போதும் என்றாலும், பேட் கட்டுகிற அகலம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஈ.என். 13445 கொடுக்கிற கணக்கு எளிமையானது: உள் ஆரத்தைத் தடிமனால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஐந்தால் பெருக்குங்கள். நம் பைப்பில் உள் ஆரம் 228.6, தடிமன் 25.4, பெருக்கினால் 5806, வர்க்கமூலம் 76.2, ஐந்து மடங்கு 381 மி.மீ. வெல்டை நடுவில் வைத்து இந்த அகலத்துக்குப் பேட். பிளாங்கெட் அதற்கு இரு மடங்கு, கிட்டத்தட்ட 760 மி.மீ. இதைக் குறைத்தால் என்ன ஆகும் என்றால், வெளிப்பரப்பு 620 காட்டும்போது உட்பரப்பில், அதாவது விரிசல் தொடங்குகிற ரூட் பக்கத்தில், வெப்பம் போதாமல் போகும். சூடான பட்டைக்கும் குளிர்ந்த பைப்புக்கும் நடுவே சரிவு செங்குத்தாகிப் புதிய உள் அழுத்தமும் சேரும். பேட் மிச்சம் பிடிக்கிறேன் என்று அகலத்தைக் குறைப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள், வாய்ச்சண்டை வேண்டாம்.

சைட்டில் இருக்கும் செராமிக் பேட் பெரும்பாலும் 60 வோல்ட், 45 ஆம்ப், 2.7 கிலோவாட். நம் ஜாயிண்டுக்குப் பேட் அளவைப் பொறுத்து ஒரு பன்னிரண்டு வரும், அதாவது 32 கிலோவாட் சொச்சம், 65 கே.வி.ஏ. மெஷின் தாராளமாகத் தாங்கும். பேட் மேல் பேட் ஏறக்கூடாது, ஏறிய இடத்தில் கம்பி எரிந்துபோகும். நடுவில் இடைவெளியும் விடக்கூடாது, அங்கே குளிர் புள்ளி விழும். கட்டுவதற்கு ஸ்டெயின்லெஸ் பட்டி வாங்குங்கள். ஜி.ஐ. கம்பி வேண்டவே வேண்டாம், அதன் மேல் இருக்கும் துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிப் பைப் மேல் வழியும்.

இப்போது தெர்மோகப்பிள். இங்கேதான் நிதானம் வேண்டும், அவசரப்படுத்துகிற சூப்பர்வைசரை டீ குடிக்க அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

நாம் பயன்படுத்துகிற டைப் கே தெர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக ஒட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். முறுக்கினால் முதல் முறுக்கு எங்கே தொடுகிறதோ அங்கே உள்ள வெப்பத்தைத்தான் படிக்கும், அது பைப்பிலிருந்து மேலே தூக்கிக்கொண்டு பேட் பக்கம் இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக, 6 மில்லிமீட்டருக்குள் பக்கம் பக்கமாக, கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் மெஷினில் ஸ்பாட் வெல்டு செய்யுங்கள். ஒட்டும் இடத்தை ஃபைல் போட்டுப் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள், பெயின்ட் மேலும் துரு மேலும் ஒட்டினால் பாதிச் சூட்டில் கழன்றுவிடும். ஒட்டியதும் லேசாக இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது பலர் விட்டுவிடுவது. நுனியின் மேல் ஒரு சிறு துண்டு செராமிக் ஃபைபரையோ ஹீட் ரெசிஸ்டன்ட் புட்டியையோ வைத்து மூடிய பிறகுதான் பேட் வரவேண்டும். பேடில் கோத்திருக்கிற செராமிக் மணிகள் நெருப்பாகச் சிவந்திருக்கும், அது நேராக நுனியில் பட்டால் நுனி உலோகத்தைவிட அதிகம் காட்டும். ரிக்கார்டர் 620 எழுதும், வெல்டு அதற்குக் கீழே எங்கோ நிற்கும். ஹார்ட்னஸ் எடுக்கும் நாளில்தான் தெரியவரும்.

எத்தனை போடுவது? இந்த அளவு பைப்புக்கு மணிக்கூண்டு முகம் போல 12, 3, 6, 9 என்ற நாலு இடத்தில் வெல்டின் மேல் நாலு, சூடாக்கும் பட்டையின் ஓரத்தில் சரிவைப் பார்க்க ஓரிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு உபரிக் கம்பி ஒட்டி வையுங்கள், நடுவில் ஒன்று அறுந்தால் வேலையை நிறுத்த வேண்டியிருக்காது. படுத்திருக்கும் பைப்பில் சூடு மேலே ஏறும், 12 மணிப் பக்கம் எப்போதும் முந்தும், 6 மணிப் பக்கம் பின்தங்கும். ஆகவே மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தனித்தனி சேனல் (மெஷினில் தனியாகக் கட்டுப்படுத்துகிற இணைப்பு) கொடுங்கள். எல்லாப் பேடையும் ஒரே சேனலில் கட்டி, கண்ட்ரோல் தெர்மோகப்பிளை மேலே வைத்துவிட்டால் மெஷின் மேல்பக்கத்தைப் பார்த்து ஆஃப் ஆகும், அடிப்பக்கம் வேகாமல் கிடக்கும்.

பைப்பின் இரண்டு வாயையும் பிளாங்கெட் துண்டோ பிளைவுட்டோ வைத்து மூடுங்கள். திறந்திருந்தால் உள்ளே காற்று ஓடி ரூட்டைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். உரண் பக்கம் கடற்காற்றில் இதைச் செய்யாமல் விட்ட ஜாயிண்டு மணிக்கணக்கில் 500-லேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூடும்போது இறுக்கி அடைக்கக்கூடாது, சூடாகும் காற்று வெளியேற ஒரு சின்ன வழி வேண்டும். உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கவே கூடாது.

கேபிள் முனையில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்க வழக்கில் கே கேபிளில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். எலக்ட்ரீசியன் கைப்பழக்கத்தில் சிவப்பைப் பாசிட்டிவில் சொருகிவிடுவார். ஐ.ஈ.சி. கேபிள் என்றால் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். சைட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். நிறத்தை நம்பாமல் ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: தெர்மோகப்பிள் கம்பியில் காந்தம் ஒட்டுவது அலுமெல், அதுதான் நெகட்டிவ். ஒரு முனையில் மட்டும் மாற்றி மாட்டினால் சூடு ஏற ஏறப் பேனா கீழே போகும், “அண்ணே, சார்ட் இறங்குது” என்று ஹெல்ப்பர் பையனே ஓடிவந்து சொல்லிவிடுவான். கேபிளின் இரண்டு முனையிலும் மாற்றிவிட்டால்தான் ஆபத்து, ஏறுகிற மாதிரியே ஏறும், ஆனால் தவறாகக் காட்டும். அதனால் பேட் கட்டுமுன் ஒவ்வொரு நுனியையும் லைட்டரால் சூடுகாட்டி, ரிக்கார்டரில் அதே நம்பர் ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நுனிக்கு நுனி நம்பர் சீட்டு கட்டுங்கள்.

மேலே 25 மி.மீ. செராமிக் பிளாங்கெட் இரண்டு அடுக்கு. முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை கட்டாயம், அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது. மழைக்காலத்தில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, மெஷினையும் கேபிள் ஜாயிண்டுகளையும் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். பேடில் 60 வோல்ட்தான், ஆனால் மெஷினுக்குள் வருவது 415 வோல்ட், எர்த்திங் இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள். ஓடுகிற பிளான்ட் என்றால் ஹாட் வொர்க் பெர்மிட், கேஸ் டெஸ்ட் எல்லாம் வழக்கம்போல.

சுவிட்ச் போடுமுன் பைப்பை ஒருமுறை சுற்றி வந்து சப்போர்ட்டைப் பாருங்கள். 600 டிகிரியில் ஸ்டீலின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும், சொந்த எடையிலேயே தொய்யும். ஜாயிண்டின் இரு பக்கமும் தாங்கல் வேண்டும், அதே சமயம் ஒரு பக்கம் நகர இடம் வேண்டும். இந்தப் பைப் சூட்டில் விட்டத்திலேயே சுமார் 4 மி.மீ. பெருக்கும், நீளவாட்டிலும் தள்ளும். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டால் தளர்த்த வந்த அழுத்தத்தை நீங்களே புதிதாக ஏற்றுகிறீர்கள். பக்கத்தில் வால்வு இருந்தால் சாஃப்ட் சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதன் மேலும் ஒரு தெர்மோகப்பிள் ஒட்டிக் கண்காணியுங்கள்.

இனி சூடேற்றுவது. 425 டிகிரி வரை கோடு பெரிதாகக் கட்டுப்படுத்துவதில்லை, இருந்தாலும் மணிக்கு 200-க்குள் வைத்தால் நல்லது. அதற்கு மேல் ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் எட்டின்படி ஒரு இன்ச் தடிமனுக்கு மணிக்கு 222 டிகிரி உச்சவரம்பு, இரண்டு இன்ச் என்றால் அதில் பாதி. நான் இந்தப் பைப்புக்கு 150 வைப்பேன். மேலும் கீழும் சேர்ந்து ஏற நேரம் கிடைக்கும், அவசரத்தில் எதையும் மிச்சம் பிடிக்கப் போவதில்லை. கார்பன் ஸ்டீலுக்கு நிறுத்தும் வெப்பம் 595-இலிருந்து 650 வரை, செட் பாயிண்டை 620-இல் வையுங்கள். ஒரு இன்ச்சுக்கு ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? எல்லாத் தெர்மோகப்பிளிலும் பின்தங்கி வருவது எதுவோ, பெரும்பாலும் 6 மணிப் பக்கம், அது 595-ஐத் தொட்ட நிமிடத்திலிருந்து. முதலில் தொட்டதை வைத்து எண்ணிய சார்ட்டை நான் இன்ஸ்பெக்டராக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். மறுபக்கம், முந்துகிற ஒன்று 650-ஐத் தாண்டவும் கூடாது. எங்கேயாவது 700-ஐத் தாண்டிவிட்டால் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஸ்டீலின் உள்ளமைப்பே மாறத் தொடங்குகிற 727 டிகிரிக்கு அது பக்கம், மெட்டலர்ஜி தெரிந்தவர் முடிவு செய்யட்டும்.

நடுவில் கரண்ட் போனால்? நிறுத்தும் நேரத்தில் போனால், பிளாங்கெட்டைத் தொடாமல் விட்டு, கரண்ட் வந்ததும் கட்டுப்பாடான வேகத்தில் மறுபடி ஏற்றி, விட்டுப்போன நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கிளையண்டிடம் எழுத்தில் வாங்குங்கள். ஜெனரேட்டர் இல்லாமல் தடித்த ஜாயிண்டைத் தொடங்காதீர்கள்.

இறக்குவதும் ஏற்றுவது மாதிரிதான், இதே தடிமனுக்கு 425 வரை மணிக்கு 280-க்கு மேல் போகக்கூடாது, நான் இங்கேயும் 150. அதற்குக் கீழே வந்ததும் ஆஃப் செய்து, கட்டியது கட்டியபடி ஆறவிடுங்கள். மழையில் சூட்டோடு பிரித்தால் சாரல் பட்டு எல்லாம் வீண். பேட் கட்ட ஆரம்பித்ததிலிருந்து பிரிக்கிறவரை ஒரு முழு ஷிஃப்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டு ஆளை வரச்சொல்லுங்கள்.

பிரித்ததும் தெர்மோகப்பிள் ஒட்டிய புள்ளிகளைக் கிரைண்டரால் லேசாகச் சீவி, மேக்னெட்டிக் பார்ட்டிக்கிள் அல்லது டை பெனட்ரன்ட் பார்த்துவிடுங்கள், அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குட்டி வெல்டு. பிறகு ஹார்ட்னஸ். ரிஃபைனரி கார்பன் ஸ்டீல் வெல்டுக்கு வழக்கமாகக் கேட்பது 200 பிரினெல்லுக்குள், புளிப்புச் சர்வீஸுக்கு (ஹெச்2எஸ் கலந்த லைனுக்கு) ப்ரொசீஜர் கூப்பனில் விக்கர்ஸ் 250-க்குள். கையில் தூக்கிப்போகிற லீப் மீட்டர் மெல்லிய சுவரில் ஏமாற்றும், குறுகலான ஹெச்.ஏ.இசட்.டைப் பிரித்துப் பார்க்கவும் அதற்கு முடியாது, அதற்கு யூ.சி.ஐ. மீட்டர் மேல். வெல்டு, இரு பக்க ஹெச்.ஏ.இசட்., அதிலும் 6 மணிப் பக்கத்தில் கட்டாயம் ஒரு ரீடிங். படுத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்பதால் அந்த இடத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், கோளாறு இருந்தால் அங்கேதான் இருக்கும்.

ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது) இதற்கெல்லாம் பிறகு. எஸ்.ஆர். முடிந்த பைப்பில் அதற்கப்புறம் யாரும் ஆர்க் அடிக்கக்கூடாது, ஒரு சின்ன கிளிப் ஒட்டினாலும் அந்த இடம் மறுபடி கடினமாகும், மறுபடி எஸ்.ஆர். கேட்கும். அதனால் பேட் கட்டுவதற்கு முதல் நாள் டிராயிங்கை விரித்து சப்போர்ட் பேட், தெர்மோவெல் பாஸ், டிரெயின், எர்த்திங் லக் எல்லாம் ஒட்டியாயிற்றா என்று ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். முடிந்ததும் பைப் மேல் ‘எஸ்.ஆர். முடிந்தது, வெல்டு செய்யாதே’ என்று பெயின்டில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் நம் ஆட்களுக்கு மட்டும்தான் புரியும், பக்கத்திலேயே இந்தியிலும் எழுதிவிடுங்கள்.